தீவு மோகம்

கலியாணம் ஆன கையோடு கிரேக்கத் தீவுகளுக்குப் போய்வருவது இப்போது நம்மவர்களிடையே ஒரு மோஸ்தராகிவிட்டது. ஊட்டியும் கொடைக்கானலும் அப்பன் காலத்துச் சமாசாரம். சிங்கப்பூர், மலேயா எல்லாம் மாமனார் காலத்தோடு போயிற்று. வெள்ளைவெளேரென்று ஒரு சுவர், அதன் மேல் நீலமாக ஒரு கூம்பு, கீழே கடல், நடுவில் சிரித்துக்கொண்டு இரண்டு பேர்: இந்தப் படத்தைப் பார்க்காமல் இப்போதெல்லாம் செல்போனை மூடிவைக்க முடியவில்லை. படத்தில் ஆள்தான் மாறுகிறார். சுவரும் கூம்பும் மாறுவதில்லை.

இதைப் பற்றிச் சில மாதங்களுக்கு முன் கேலியாக இரண்டு வரி எழுதியிருந்தேன். ஓர் அன்பருக்குக் கோபம் வந்துவிட்டது. நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சாரம் இதுதான்: "நாலு பக்கமும் மலையும் திராட்சைப் பந்தலுமாக ராயப்பன்பட்டியில் உட்கார்ந்திருக்கும் உமக்குத் தீவைப் பற்றி என்ன தெரியும்? நீர் சான்டோரினிக்குப் போனதுண்டா? நமக்கும்தான் தீவுகள் இருக்கின்றன. ஒரு நல்ல ஹோட்டல் உண்டா, ஒரு நல்ல படகு உண்டா? கிரேக்கர்களைப் பார்த்து நம் தீவுகளையும் அந்த மாதிரி ஆக்க வேண்டும் என்று எழுதாமல், போகிறவர்களைப் பரிகாசம் பண்ணுகிறீரே!"

நியாயமான கேள்விகள். பதில் சொல்லத்தான் வேண்டும்.

சான்டோரினிக்கு நான் போனதில்லை. ஆனால் தீவைப் பற்றிப் பேச ராயப்பன்பட்டிக்காரனுக்கு யோக்யதை இல்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்களுக்குக் கடல் வாசனை என்பது கருவாட்டுக் கூடையோடு சந்தைக்கு வருவதுதான். கடலோரத்துக்காரனுக்குக் கடல் ஒரு வேலைத்தலம். கடல் இல்லாத ஊரில் பிறந்தவன்தான் ஆசையோடு கடல் பார்க்கப் போகிறான். ஆகையால் இந்த ஆசை எனக்கும் உண்டு. என் சண்டை அந்த ஆசையோடு அல்ல. அது எங்கே போகிறது, போன இடத்தில் என்ன செய்கிறது என்பதோடுதான்.

கிரேக்கத் தீவுகளின் அழகு பொய்யல்ல. அந்த நாட்டுக்கு ஆறாயிரம் தீவுகளும் திட்டுகளும் உண்டென்று கணக்குச் சொல்கிறார்கள். மனிதர்கள் வசிப்பது ஏறத்தாழ 227 தீவுகளில். சான்டோரினி ஓர் எரிமலையின் உடைந்த விளிம்பு. கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் 1,600 வருஷங்களுக்கு முன் அந்த மலை வெடித்து, நடுப்பாகம் உள்ளே விழுந்து, கடல் வந்து நிரம்பியது. அந்தச் செங்குத்தான விளிம்பின் மேல்தான் வெள்ளை வீடுகள் தொத்திக்கொண்டு நிற்கின்றன. வெயிலைத் திருப்பி அனுப்பத்தான் வெள்ளைச் சுண்ணாம்பு. படம் பிடிப்பதற்காக யாரும் அதை அடிக்க ஆரம்பிக்கவில்லை.

ஒரு திராட்சை ஊர்க்காரனாக, அந்தத் தீவில் என் மனதைக் கவர்ந்தது வேறொன்று. எங்கள் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சைக்குக் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, ஆள் உயரத்துக்கு மேல் பந்தல் போடுகிறோம். வருஷம் முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுப்பு நடந்துகொண்டிருக்கும். பெரியாற்றுத் தண்ணீர் பாயும் பள்ளத்தாக்கில் கொடிக்கு என்ன குறை? சான்டோரினியிலோ ஆறு இல்லை, மழை அபூர்வம், காற்று பேய்க்காற்று. அங்கே பந்தல் போட்டால் மறுநாள் பந்தல் கடலில் கிடக்கும். ஆகவே அந்த ஊர்ச் சம்சாரி கொடியைத் தரையோடு தரையாகக் கூடை மாதிரி சுற்றிச் சுற்றி வளர்க்கிறான். கூடைக்குள்ளே பழம் காற்றுக்கு ஒளிந்துகொள்ளும். இரவில் கடலிலிருந்து வரும் பனி ஈரம்தான் அதற்குப் பாசனம். தலைமுறை தலைமுறையாகக் கண்டுபிடித்த வித்தை இது. தீவின் அழகென்று எதையாவது சொல்வதானால் நான் இதைச் சொல்வேன். இருப்பது கொஞ்சம் என்று தெரிந்துகொண்டு, அந்தக் கொஞ்சத்துக்குள் வாழக் கற்றுக்கொள்வது.

இப்போது அந்தத் தீவு எப்படி இருக்கிறது? சுமார் 15,000 பேர் வசிக்கும் இடம். 2023ஆம் வருஷத்தில் வந்துபோனவர்கள் 34 லட்சம் பேர் என்று கணக்கு. தோட்டமாக இருந்த நிலத்தில் விடுதிகள் முளைத்துவிட்டன. 2024 ஜூலையில் ஒரு நாள், கப்பல்களில் 11,000 பேர் வந்து இறங்கப்போகிறார்கள் என்பதால் ஊர்க்காரர்கள் தங்கள் நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று உள்ளூர் நிர்வாகத்தைச் சேர்ந்தவரே அறிவிப்புப் போட்டார். ஜனங்கள் கொதித்தெழுந்த பிறகு அதை எடுத்துவிட்டார்கள். விருந்தாளி வருகிறான், வீட்டுக்காரா, நீ அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள் என்று அர்த்தம்! 2025இல் கப்பலில் வருகிறவர்கள் நாளொன்றுக்கு 8,000 பேருக்கு மேல் போகக்கூடாது என்று எல்லை வகுத்தார்கள். சீசனில் வந்து இறங்கும் கப்பல் பயணிக்குத் தலைக்கு 20 யூரோ வரியும் விதித்தார்கள். 8,000 என்பதே அந்த ஊர் ஜனத்தொகையில் பாதிக்கு மேல் என்பதை அன்பர் கவனிக்க வேண்டும்.

ஹோமரின் ஒடிஸியில் ஒரு தீவு வருகிறது. அங்கே ஒற்றைக்கண் அரக்கன் ஒருவன் இருக்கிறான். வந்த விருந்தாளிகளைப் பிடித்துத் தின்பது அவன் வழக்கம். கிரேக்கர்களுக்கு அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. விருந்தினனைப் பேணுவது அவர்களுக்குத் தெய்வக் கட்டளை. இன்றைக்கு நிலைமை தலைகீழாகிவிட்டது. விருந்தாளிகள் வந்து வீட்டுக்காரனைத் தின்கிறார்கள். அவர்களுக்கும் ஒரே கண்தான், கையில் பிடித்திருக்கிறார்கள்.

அன்பரின் முதல் கேள்விக்கு இது பாதி பதில். மறு பாதி, நம்மிடம் என்ன இருக்கிறது என்பது.

ராமேஸ்வரத்துக்கு அப்பால், யாழ்ப்பாணத்துக்கு மேற்கே, கடலில் ஒரு கொத்துத் தீவுகள் இருக்கின்றன. வேலணை, காரைநகர், புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு. பெயரைச் சொல்லும்போதே தமிழ் மணக்கவில்லையா? டச்சுக்காரர்கள் வந்தபோது இவற்றுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். காரைநகர் ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று, அனலைதீவு ராட்டர்டாம், வேலணை லைடன், நெடுந்தீவு டெல்ஃப்ட். டெல்ஃப்ட் என்ற பெயர் வரைபடங்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மற்றவையெல்லாம் உதிர்ந்துவிட்டன. அந்த ஜனங்கள் பெயர்ப்பலகையைப் பார்த்துத் தங்கள் ஊரை மறக்கிறவர்கள் அல்ல.

போவது ஒன்றும் பிரமாதமில்லை. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கிற்று, நின்றது, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடிற்று. மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள். பாஸ்போர்ட்டும் நுழைவு அனுமதியும் வேண்டும். சான்டோரினிக்கும் அவை வேண்டும்தானே? யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் வழியாக வேலணை, அங்கிருந்து இன்னொரு கடல்பாலம் தாண்டிப் புங்குடுதீவு, அதன் கோடியில் குறிகட்டுவான் துறை. நான் போன பஸ் அந்தப் பாலத்தில் ஊர்ந்தபோது இரண்டு பக்கமும் முழங்கால் ஆழத்துத் தண்ணீரில் ஆட்கள் நின்று வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். துறையிலிருந்து நயினாதீவுக்குப் படகில் கால்மணி, இருபது நிமிஷம். நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம். படகில் சிமெண்ட் மூட்டை, காய்கறிக் கூடை, பள்ளிக்கூட வாத்தியார், சைக்கிள், மருந்து வாங்கப் போய்த் திரும்பும் கிழவர், நாம். அன்பர் கேட்ட "நல்ல படகு" இதுதான். தீவுக்காரர்கள் எந்தப் படகில் போகிறார்களோ அதில் போகாதவன், தீவுக்குப் போயும் தீவைப் பார்க்காதவன்.

நயினாதீவில் கரையோரத்திலேயே நாகபூஷணி அம்மன் கோவில். நடக்கும் தூரத்தில் புத்த விகாரை. ஆனி மாதத்துத் திருவிழாவில் அந்தச் சின்னத் தீவு கொள்ளாத கூட்டம். இந்தத் தீவுதான் மணிமேகலை காவியத்தில் வரும் மணிபல்லவம் என்று சொல்கிறவர்கள் பலர். ஓர் ஆசனத்துக்காக இரண்டு நாக அரசர்கள் சண்டையிட்டதும், புத்தர் வந்து சண்டையைத் தீர்த்ததும் மணிமேகலையிலும் இருக்கிறது, சிங்களத்தவர் போற்றும் மகாவம்சத்திலும் இருக்கிறது. ஆசனச் சண்டையைத் தீர்த்த இடம் என்று இரண்டு ஜாதியாரும் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டு, பிறகு ஆசனத்துக்காக எத்தனை வருஷம் சண்டை போட்டார்கள் என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இந்த இரண்டு காவியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒடிஸியில் வழியில் வரும் தீவுகள் பெரும்பாலும் தடை. வீரன் அவற்றிலிருந்து தப்பித்து வீடு போய்ச் சேர வேண்டும். மணிமேகலைக்கோ தீவுதான் அவள் வாழ்க்கையின் திருப்பம். அங்கேதான் அவளுக்கு அமுதசுரபி கிடைக்கிறது. எடுக்க எடுக்கக் குறையாத அந்தப் பாத்திரத்தைக் கொண்டுவந்து அவள் ஊர்ப் பசியைத் தீர்க்கிறாள். தீவுக்குப் போனவள் கொண்டுவந்தது பிறர் பசிக்கான சோறு. இப்படி ஒரு தீவுக் கதையை வைத்துக்கொண்டிருக்கும் ஜாதி, தீவுக்குப் போய் ஒரு படத்தை மட்டும் கொண்டுவந்தால் நான் பரிகாசம் பண்ணாமல் என்ன பண்ணுவது?

நெடுந்தீவு வேறு மாதிரி. மட்டமான, வெயில் கொளுத்தும் பூமி. வேலிக்குப் பதிலாகப் பவளக்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக, காரை இல்லாமல், அடுக்கிக் கட்டிய மதில்கள். ஊரெங்கும், தோட்டமெங்கும், மைல் கணக்கில் அந்தச் சாம்பல் நிற மதில்கள் ஓடுகின்றன. பறங்கியர் காலத்தில் வந்த குதிரைகளின் சந்ததி புல்வெளியில் கூட்டமாக மேய்கிறது. லாயமும் இல்லை, எஜமானனும் இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து எந்தக் காலத்திலோ வந்த பெருக்கமரம் ஒன்று, வயிற்றில் ஆள் நுழையும்படி பொந்தோடு நிற்கிறது. இடிந்த கோட்டை ஒன்றும் உண்டு. சான்டோரினியின் பிரமிப்பு இங்கே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மனதில் ஏறும்.

அங்கே ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டேன். "எங்கேயிருந்து வாறியள் தம்பி?" என்றாள் வீட்டுக்கார அம்மாள். சொன்னேன். உள்ளே போய்ச் செம்பில் கொண்டுவந்தாள். "பயப்பிடாமல் குடியுங்கோ. இது நல்ல தண்ணி. தூரத்துக் கிணத்திலை அள்ளினது. எங்கடை கிணறு உவர்" என்றாள். குடித்த பிறகு, "இருங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்று மறுபடி அடுப்படிக்குப் போய்விட்டாள். தூரத்துக் கிணற்றில் அள்ளி, தலையில் சுமந்து வந்த தண்ணீர் முன்பின் தெரியாதவனுக்கு இரண்டாவது தடவையும் செலவாகிறது.

அந்தத் தண்ணீரின் கதையை அன்பர் தெரிந்துகொள்ள வேண்டும். சுண்ணாம்புப் பாறைத் தீவுகளில் ஆறு, குளம் என்று பெரிதாக எதுவும் இராது. பெய்கிற மழை பாறைக்குள் இறங்கி, அடியிலே பரவியிருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய ஏடு மாதிரி மிதக்கிறது. உப்புத் தண்ணீர் கனம். நல்ல தண்ணீர் லேசு. அந்த ஏட்டைச் செம்பும் வாளியுமாக அள்ளினால் அடுத்த மழைவரை வரும். மோட்டார் வைத்து உறிஞ்சினால் ஏடு கிழிந்து, அடியிலிருந்து உப்பு மேலே ஏறிவிடும். ஒரு தடவை உப்பேறிய கிணறு திரும்ப இனிப்பதற்கு எத்தனை மழை பெய்ய வேண்டுமோ! நெடுந்தீவின் குதிரைகள் கோடையில் தண்ணீரில்லாமல் செத்துப்போவதும் உண்டு. "ஒரு நல்ல ஹோட்டல் உண்டா?" என்று கேட்கிறார் அன்பர். நீச்சல்குளம் வைத்த ஒரு விடுதி வந்தால், அந்த அம்மாள் எங்கே போய்த் தண்ணீர் அள்ளுவாள் என்று அவர் எனக்குச் சொல்லட்டும்.

"அங்கெல்லாம் யுத்தம் நடந்த இடம், உல்லாசமாகப் போகிற இடத்தில் துக்கம் எதற்கு?" என்று இன்னொரு ஆட்சேபம் கேள்விப்படுகிறேன். துக்கம் உண்டு, மறைப்பதற்கில்லை. 1985 மே 15ஆம் தேதி, நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினி என்ற படகைக் கடலில் மறித்து, பெண்களும் குழந்தைகளுமாக இருபது பேருக்கு மேல் வெட்டிக் கொன்றார்கள். 1990க்குப் பின் தீவு தீவாக ஜனங்கள் கிளம்பிப்போனார்கள். புங்குடுதீவில் பெரிய பெரிய வீடுகள் கூரையில்லாமல், உள்ளே மரம் முளைத்து நிற்கின்றன. வீட்டுக்காரர்கள் பாரிஸிலும் லண்டனிலும் டொரொண்டோவிலும் இருக்கிறார்கள்.

ஆனால் சான்டோரினிக்குப் போகிறவர்கள் அங்கே அக்ரோதிரி என்ற புதைந்த நகரத்தைப் பார்க்காமல் வருவதில்லை. எரிமலைச் சாம்பலில் மூடிப்போன ஊர். 1967 முதல் தோண்டி எடுத்து வைத்திருக்கிறார்கள். அதுவும் ஜனங்கள் வீட்டைப் போட்டுவிட்டு ஓடின இடம்தானே? மூவாயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன் காலியான வீடு ரசிக்கத் தக்கது, முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் காலியான வீடு அசௌகரியம் என்பது என்ன ரசனை? அந்நியனுடைய துக்கத்துக்கு டிக்கெட் வாங்குகிறோம். சொந்தத் துக்கம் வாசலில் நின்றால் கதவைச் சாத்துகிறோம்.

நாம் பார்க்காவிட்டாலும் பார்க்க வேண்டியவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நயினாதீவு, அனலைதீவு, நெடுந்தீவு மூன்றிலும் காற்றிலும் வெயிலிலும் மின்சாரம் எடுக்கும் வேலையை 2021இல் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுக்க ஏற்பாடாயிற்று. தில்லிக்குத் தூக்கம் போய்விட்டது. அந்த ஏற்பாடு கைவிடப்பட்டு, 2024இல் இந்திய மானியத்தில் ஒப்பந்தம் ஆயிற்று. பீக்கிங்குக்கும் தில்லிக்கும் தெரிந்த தீவுகள் நமக்குத் தெரியவில்லை. நமக்குத் தெரிந்த ஒரே தீவு கச்சத்தீவு. அதுவும் தேர்தல் வந்தால்தான் கடலிலிருந்து மேலே வரும். 285 ஏக்கர் திட்டு அது. 1974 ஒப்பந்தத்தைப் பற்றி நாள்கணக்கில் மேடையில் பேசுகிறவர்களில் எத்தனை பேர், இரண்டு கரைத் தமிழரும் ஒன்றாக முழந்தாளிட்டு நிற்கும் அந்தோணியார் திருவிழாவுக்குப் படகேறியிருக்கிறார்கள்? படகேறுகிறவர்கள் மீனவர்களும், உள்நாட்டுக் கிராமங்களிலிருந்து நேர்த்திக்கடனோடு வரும் சாமானிய ஜனங்களும்தான்.

கடைசியாக, நம் தீவுகளையும் "அந்த மாதிரி" ஆக்கவேண்டும் என்ற யோசனை. இதுதான் கடிதத்தில் எனக்கு உண்மையாகவே பயம் தந்த வரி. மன்னார் வளைகுடாவில், பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை, நம் கரையோரமாக 21 தீவுகள் இருந்தன. இப்போது தலை தெரிவது 19. பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டும் தண்ணீருக்குள் போய்விட்டன. புயல் கொண்டுபோகவில்லை. தீவைச் சுற்றி அரண் மாதிரி நின்ற பவளப்பாறையை நாமே வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் விற்றோம். அரண் போனதும் அலை உள்ளே வந்து மண்ணைக் கரைத்தது. தூத்துக்குடிக்குப் பக்கத்து வான் தீவும் தேய்ந்துகொண்டே போக, இப்போது கடலுக்கடியில் செயற்கைப் பாறைகளை இறக்கி அதைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். 1986இல் அந்தப் பிரதேசத்தைக் கடல் தேசியப் பூங்காவாக்கி, ஜனங்கள் இஷ்டப்படி இறங்கக்கூடாது என்று சட்டம் போட்டது நல்ல காரியம். சில தீவுகளுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, போகாமல் இருப்பதுதான். கிரேக்கர்களிடம் பாடம் கேட்கத்தான் வேண்டுமென்றால் இதைக் கேட்கலாம்: அப்பொல்லோ பிறந்த இடமென்று அவர்கள் சொல்லும் டெலோஸ் தீவில் பகலில் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும், ராத்தங்க அனுமதி கிடையாது.

"நீர் புகழ்ந்ததைக் கேட்டு எல்லோரும் நெடுந்தீவுக்குக் கிளம்பினால் அதுவும் சான்டோரினி ஆகிவிடாதா?" என்று கேட்கலாம். பலமான கேள்விதான். தீவைக் கெடுப்பது வருகிற மனிதன் அல்ல. அவனுக்காகத் தீவை மாற்றுகிற பணம்தான். ஊர்ப் படகில் போய், ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, ஊர்க்காரர் வீட்டில் வாடகை கொடுத்துத் தங்கி, அவர்கள் குளிக்கிற அளவுத் தண்ணீரில் குளித்துவிட்டு வருகிற ஐம்பது பேர் ஒரு தீவுக்குப் பாரமில்லை. அவர்கள் கொடுக்கும் காசில் படகோட்டியின் மகன் ஊரிலேயே தங்கலாம். கனடாவுக்கு விமானம் ஏற வேண்டாம். அந்த ஐம்பது பேருக்காகக் கட்டுகிற ஐந்நூறு அறைதான் பாரம். இந்த வித்தியாசம் போகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவன் ஊட்டிக்கே போகலாம். ஊட்டி எல்லாவற்றையும் தாங்கிப் பழகிவிட்டது.

ஆகையால் அன்பருக்கு என் விண்ணப்பம் இது. கிரேக்கத்துக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த வெள்ளைச் சுவரின் முன் நிற்கிறபோது, சுவருக்குப் பின்னால் இருக்கிற வீட்டில் யாராவது இன்னும் குடியிருக்கிறார்களா என்று ஒரு தடவை விசாரியுங்கள். அதற்கு முன், நாகப்பட்டினத்தில் கப்பல் ஓடுகிற காலம் பார்த்து, மாற்றுத்துணி இரண்டோடு குறிகட்டுவானுக்குப் போய்ப் படகேறுங்கள். அங்கே உங்கள் பாஷையிலேயே, கொஞ்சம் வேறு ராகத்தில், "எங்கேயிருந்து வாறியள்?" என்று கேட்பார்கள். கொடுக்கிற தண்ணீரை மிச்சம் வைக்காமல் குடியுங்கள். அது எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும்.